கீழ்க்காய்நெல்லியோட வந்த மற்றப் பூண்டு

1

போன மாசம் ஒருநாள் பஸ்ஸுக்கு நிக்கிற இடத்தில குனிஞ்சு, ரெண்டு கல்லுக்கு நடுவில முளைச்சிருந்த ஒரு பூண்டிர இலையத் திருப்பிப் பாத்துக்கொண்டு நிண்டன். ஒரு வெள்ளைக்கார மனிசி வந்து, என்ன துலைச்சிட்டீங்க எண்டு கேட்டா. எனக்கு அந்த நேரம் பாத்து ஜேர்மன் பாசை வாயில வரல்ல. "மோதிரம்" எண்டு சொல்லிற்றன். பாவம், அந்த மனிசி கைப்பையக் கீழ வைச்சிட்டு, முழங்கால் குத்தி எனக்காக மோதிரம் தேடத் தொடங்கிற்றா. பஸ் வாற வரைக்கும் ரெண்டு பேரும் இல்லாத மோதிரத்தத் தேடினம். ஏறக்குள்ள என்ர தோளில தட்டி, கவலைப்படாதீங்க எண்டா. வெக்கத்தில எனக்கு முகம் எரிஞ்சிச்சு.

ஊரில இருக்கிற நீங்க சிரிப்பீங்க. "சுவிசுக்குப் போய் வசந்திக்கு மண்டை கழண்டிற்று" எண்டும் சொல்லுவீங்க. சொல்லுங்க, பரவாயில்ல. இந்தப் பழக்கம் எனக்குப் போன வருசம்தான் வந்த. மட்டக்களப்புப் பக்கம் உன்னிச்சையில இருந்து ஒரு பை காஞ்ச பூண்டு வந்து, அத அவிச்சுக் குடிச்சு என்ர மனிசன் சாவுக்குக் கிட்டப் போய்த் திரும்பினார். அதுக்குப் பிறகு எந்தச் செடியக் கண்டாலும், நீ ஆரு, உன்ர பூ எங்க, காய் எங்க எண்டு பாக்காம எனக்கு அங்கால போக ஏலா.

மனிசன்ர பேர் தவராசா. இந்தப் பேர எழுத இன்னும் கை கூசுது. "இவர்" எண்டே எழுதுறன், பொறுத்துக்கொள்ளுங்க.

2

நான் செட்டிபாளையம். கடலுக்கும் வாவிக்கும் நடுவில பிறந்தவள். இவர் வாவிக்கு அங்கால, படுவான்கரை. உன்னிச்சைக் குளத்துத் தண்ணியில வேளாண்மை செய்த குடும்பம். இங்க இவர் நகரசபையில றோட்டுக் கூட்டுற வாகனம் ஓடுறார். நான் வயசாளிகள் இருக்கிற ஒரு இல்லத்தில உடுப்புத் தோய்க்கிற பகுதியில நிக்கிறன். ஒரே மகள் அபிரா, வேற நகரத்தில படிக்கிறாள். சனிக்கிழமை வாறன் எண்டு சொல்லிற்று ஞாயிற்றுக்கிழமை மெசேஜ் போடுற பிள்ளை. அதுவும் தமிழில இல்ல. நான் கண்ணாடியப் போட்டுக்கொண்டு அகராதியோட இருந்துதான் என்ர மகள் வரமாட்டாள் எண்டதக் கண்டுபிடிக்கோணும்.

வருசா வருசம் இவரின்ர வேலையில ரத்தம் பாக்கிறவங்க. போன வருசம் பாத்திட்டு, ஈரலில கொஞ்சம் கொழுப்பு இருக்கு, பயப்பிட ஒண்டுமில்ல, சோத்தக் குறைச்சு நல்லா நடவுங்க எண்டு டொக்டர் சொல்லி விட்டிருக்கார். சோத்தக் குறைக்கச் சொன்னது இவருக்குக் காதில விழல்ல. ஈரல் எண்டது மட்டும் விழுந்திச்சு. வீட்ட வந்து சப்பாத்துக் கழட்ட முதல் அக்காவுக்குக் கோல்.

அக்கா எண்டா பூமணி மச்சாள். தாய் சின்னனிலயே போயிற்றா எண்டதால இவரக் குளிப்பாட்டிச் சோறு தீத்தி வளத்தது அவதான். எங்கட பக்கத்தில வீடு வளவெல்லாம் பொம்பிளைப் பிள்ளைக்குத்தானே. தாய்ர வீடு மச்சாளுக்குப் போச்சு. செட்டிபாளையத்து வீடு எனக்கு வந்திச்சு, அத என்ர தங்கச்சி பாக்கிறாள். இவருக்கெண்டு ஊரில ஒரு கல்லுமில்ல. போனா அக்கா வீட்டிலதான் பாய் போடுவார். செட்டிபாளையத்தில என்ர வீட்டில மெத்தை இருந்தாலும் அங்க அவருக்கு நித்திரை வராது.

"ஈரலா? என்னடா தம்பி சொல்லுறாய்!" மச்சாள்ர குரல் போனத் தாண்டி அடுப்படிக்குக் கேட்டிச்சு. "கண் மஞ்சளா இரிக்காடா?"

"இல்லக்கா. கொழுப்பாம்."

"கொழுப்பு எண்டுதான் துவங்கும், மறுகா செங்கமாரியில கொண்டு போய் விட்டிரும். கீழ்க்காய்நெல்லி இரிக்கக்குள்ள உனக்கு என்னடா பயம்! குளக்கட்டுக்குக் கீழ அள்ளுகொள்ளையாக் கிடக்கு. நானே புடுங்கிக் காயவெச்சு அனுப்புறன். வேற என்னடா செய்யுது?"

"முழங்காலும் நோகுதுக்கா."

"அதுக்கும் ஒண்டு அனுப்புறன்."

நான் வெங்காயம் வெட்டிக்கொண்டு இதெல்லாம் அரைக்காதில கேட்டன். இவரும் அந்தக் கடைசிச் சொல்ல அரைக்காதிலதான் கேட்டிருக்கிறார். அதுதான் எங்களுக்கு வினையா வந்த.

3

எங்கட ஆக்கள் ஊருக்குப் போறது பயணம் இல்ல, தபால் கந்தோர். போறவர் வாறார் எண்டு தெரிஞ்சா பத்து வீட்டுச் சாமான் அவர்ர தலையில. அந்த முறை ஊரில இருந்து வந்தவர் நாவற்குடா ரவியண்ணன். எங்களுக்கு ஒழுங்கை தள்ளி இருக்கிறவர், தங்கமான மனிசன். எங்கட பங்காக் கருவாடு, மாசித்தூள், ஒரு போத்தல் தேன், மறுகா ஒரு சொப்பிங் பை இறுக்கிக் கட்டினபடி. அவிட்டுப் பாத்தா காஞ்ச இலையும் தண்டும் நொறுங்கினபடி, வைக்கல் மணம் அடிச்சிச்சு.

நான் கடற்கரைக்காரி. மீனக் கண்ணப் பாத்துப் பேர் சொல்லுவன், பூண்டு எனக்குத் தெரியா. ஒரு ஈர்க்கு போல கிளையத் தூக்கிப் பாத்தன். சின்னச் சின்ன இலைக்குக் கீழ கடுகளவில காய் வரிசையா ஒட்டிக்கொண்டிருந்திச்சு. பேரிலயே கீழ்க்காய் எண்டு இருக்கே, இதுதான் எண்டு எனக்கும் நம்பிக்கை. இவர் பையைக் கண்ணில ஒத்திக்கொண்டார். "அக்காட கை" எண்டார்.

விடிய எழும்பினா முதல் வேலை அதுதான். ஒரு பிடி அள்ளிச் சட்டியில போட்டு, வத்த அவிச்சு, மூக்கப் பொத்திக்கொண்டு குடிப்பார். நான்தான் அவிச்சுக் குடுத்தன். வேலைக்குப் போற அவசரத்தில ஒரு நாள் மறந்தாலும் முகத்தத் தூக்கி வைச்சிருப்பார்.

கொஞ்ச நாளில ஆள்ர கை கால் மெலிஞ்சுது, வயிறு மட்டும் வைச்சுது. நான் விசரி, "எத்தினை மாசம்?" எண்டு பகிடி விட்டன். அவரும் சிரிச்சார். பிறகு களுசான் பொத்தான் பூட்ட ஏலாமப் போச்சு. வலப்பக்க விலாவுக்குக் கீழ கை வைச்சுக்கொண்டு நடந்தார். ஒரு விடியப்பறம் முகம் கழுவிட்டு வந்து நிக்கிறார், ரெண்டு கண்ணும் மஞ்சள்.

"பாத்தியா?" எண்டார். "அக்கா சொன்னது சரி. செங்கமாரிதான். இனி ரெண்டு நேரமும் குடிப்பம்."

ஐயோ, அண்டைக்குப் பின்னேரமும் நான் சட்டியை அடுப்பில வைச்சன்.

4

அபிரா வீட்ட வந்து எங்கள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். என்ர ஜேர்மன் உடுப்புத் தோய்க்கக் காணும், ஈரலுக்குக் காணாது. டொக்டர் ஒரு இளம் ஆள், நிதானமாக் கேட்டார்: குடிப்பழக்கம் இருக்கா? வேற மருந்து? தேத்தண்ணி, இலை, வேர், ஊரில இருந்து வந்த ஏதாவது?

"இல்லையெண்டு சொல்லு" எண்டார் இவர், தமிழில.

அபிரா ஒருக்காத் தகப்பனப் பாத்தாள், ஒருக்கா என்னப் பாத்தாள்.

"இலை எண்டு சொன்னா அக்காட மருந்தத்தான் குறை பிடிப்பாங்கள். காப்புறுதிக்காரனும் கை விரிப்பான். இல்லையெண்டு சொல்லு மகள்."

அவள் டொக்டரிட்ட ஏதோ சொன்னாள். பிறகு தகப்பன்ர பக்கம் திரும்பி, தன்ர உடைஞ்ச தமிழில சொன்னாள்: "அப்பா, நீங்க சொன்னத நான் சொல்லிற்றன். இப்ப நான் வீட்டில கண்டதச் சொல்லப் போறன்." சொல்லிற்றாள். சட்டி, பை, காலமை மாலை எல்லாம். இவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். எனக்கு மகளில கோவமும் வந்திச்சு, அவளக் கட்டிப் பிடிக்கவும் வேணும் போல இருந்திச்சு.

ஸ்கான் எடுத்தாங்க. ஈரலுக்குள்ள ரத்தம் ஓடுற சின்னக் குழாயெல்லாம் அடைபட்டிருக்காம். சில பூண்டில இருக்கிற நஞ்சு அப்பிடிச் செய்யும். வேற வருத்தத்தாலயும் அப்பிடி வரலாம். பூண்டுதான் காரணம் எண்டா அத நிப்பாட்டி, வயித்துத் தண்ணிய எடுத்து, ஈரல் தானாத் தேறுதா எண்டு பாக்கலாம். வேற வருத்தம் எண்டா அதுக்குக் குடுக்கிற மருந்து கடும் மருந்து, இந்த உடம்பு தாங்குதோ தெரியாது. தேறாட்டி வேற ஆள்ர ஈரல் வைக்கோணும். "என்ன செடி எண்டு எனக்குத் தெரியோணும். கெதியாத் தெரியோணும்" எண்டார் டொக்டர். மிச்சம் இருந்த பையக் கொண்டு போய்க் காட்டச் சொல்லி, பல்கலைக்கழகத்துத் தாவரத் தோட்டத்தில வேலை செய்யிற ஒருவருக்கு அங்க நிண்டே போன் எடுத்தார்.

5

தோட்டத்துக்கு நானும் அபிராவும் போனம். அங்க இருந்தவ ஒரு ஒல்லிப் பொம்பிளை. நகத்துக்குள்ள மண். பையைப் பாத்து முகம் சுழிப்பா எண்டு நினைச்சன். அவவோ ஒரு வெள்ளைக் கடுதாசில அதக் கொட்டி, நாங்க அரிசியில கல்லுப் பொறுக்கிற மாதிரி, சின்ன இடுக்கியால ஒவ்வொண்டாப் பொறுக்கி வைச்சா. கொஞ்ச நேரத்தில கடுதாசில ரெண்டு குவியல் வந்திற்று. நாங்க ஒண்டெண்டுதானே குடிச்சம்?

காஞ்ச பூண்டில பூவப் பாக்கிறதுக்கு ஒரு வழி இருக்காம். சுடுதண்ணியில கோப்பை கழுவுற சவர்க்காரம் ஒரு சொட்டு விட்டு, அதுக்குள்ள போட்டு வைச்சா. ஊறினாப் பிறகு பூதக்கண்ணாடிக்குக் கீழ ஊசியால விரிச்சு வைச்சு, என்னையும் பாக்கச் சொன்னா.

முதல் குவியல்: தண்டு மெல்லிசு, மயிர் இல்ல. சின்னக் கிளையில இலை ஒண்டு இந்தப் பக்கம், அடுத்தது அந்தப் பக்கம். அபிரா தமிழ் தேடித் தவிச்சாள். "அம்மா, இலை... எதிர் எதிரா இல்ல, மாறி மாறி."

"ஒன்றுவிட்ட ஒழுங்கு" எண்டன். பள்ளிக்கூடத்து விஞ்ஞானப் புத்தகத்தில படிச்ச சொல்லு, எங்க கிடந்து வந்திச்சோ தெரியா. அவள் ஆச்சரியமா என்னப் பாத்தாள்.

இலையும் கிளையும் சேர்ற மூலையில ஊசிமுனை அளவில ஒரு வெளிறின பூ. கீழ்ப்பக்கம் தட்டையான உருண்டைக் காய். அவ அத வெட்டித் திறந்தா, மூண்டு அறை, ஒவ்வொண்டுக்குள்ளயும் ரெண்டு விதை. இதே மாதிரித் தரையில படர்ற பால்பூண்டு ஒண்டு இருக்காம், கன பேர் மாறிற்று வாறவங்களாம். அதில இலை எதிர் எதிராத்தான் நிக்கும், அதனால இது அது இல்ல எண்டா. "நீங்க சொன்ன செடிதான் இது." எனக்குப் போன உயிர் வந்திச்சு. மச்சாள் மாறிப் புடுங்கல்ல.

மறுகா மற்றக் குவியல எடுத்தா.

தண்டு நல்ல மொத்தம். கண்ணாடிக்குக் கீழ பாத்தா பண்டி மயிர் போல நிமிர்ந்த மயிர். இலைத்துண்டு சுருக்கு விழுந்து சொரசொரப்பா இருந்திச்சு. ஒரு குச்சியில சின்னக் கொட்டைகள் ஒரு பக்கமா மட்டும் ரெண்டு வரிசையில. இதிர நுனி எங்கயும் கிடக்கா எண்டு தூளுக்குள்ள தேடினா. கறுப்பா, காஞ்ச றால் மாதிரிச் சுருண்ட ஒண்டு கிடைச்சிச்சு. அத ஊறப் போட்டா.

"அம்மா, இது பூ எல்லாம் சேர்ந்து நிக்கிற..."

"பூந்துணர்."

"ஓம், அது. பூ ஒரு பக்கத்தில மட்டும் வருதாம். கீழ இருக்கிறது பழசு, காய்ச்சிற்று. மேல போகப் போகப் புதுசு. நுனி சுருண்டே இருக்குமாம், பூக்கப் பூக்கத்தான் விரியுமாம். பூ ஒவ்வொண்டும் சின்னக் குழாய், அஞ்சு இதழ். காய் ரெண்டாப் பிளந்து, ஒவ்வொரு பாதிக்கும் சின்னக் கொம்பு."

அவள் சொல்லிக்கொண்டிருக்கத் தண்ணிக்குள்ள அந்தச் சுருள் மெல்ல இளகிச்சு. வாலத் தூக்கி வளைச்ச மாதிரி நிண்டிச்சு. மற்றப் பூண்டு தெரியாட்டியும் இத எனக்குத் தெரியும். வாவியில தண்ணி வத்தினாக் கரைச் சேத்தில முளைக்கும், வெள்ளையும் ஊதாவும் கலந்த மாதிரிச் சின்னப் பூ, மாடும் வாய் வைக்காது. கொப்புளத்துக்கும் வீக்கத்துக்கும் அரைச்சுப் பத்துப் போடுவாங்க. உள்ளுக்குக் குடிக்கிற சாமான் இல்ல.

"தேள்கொடுக்கு" எண்டன்.

அபிரா அதச் சொல்ல முதல் அந்தப் பொம்பிளை லத்தீன் பேரச் சொல்லிற்றா. சொல்லிற்று இடுக்கியக் கீழ வைச்சா. இந்தச் செடியில இருக்கிற நஞ்சு ஈரல்ர சின்னக் குழாயளத்தான் அடைக்குமாம். எவ்வளவு நாள் குடிச்சவர் எண்டு கேட்டா. விடியவும் பின்னேரமும் என்ர கையால அவிச்சுக் குடுத்தவள் நான்தானே. அபிரா டொக்டருக்குப் போன் எடுத்தாள்.

6

பச்சையில இந்த ரெண்டையும் கண் தெரியாதவரும் மாறமாட்டார், தொட்டாலே மயிர் சொல்லும். பிறகு எப்பிடி? ரவியண்ணனுக்குக் கோல் எடுத்தன்.

"வசந்தி, ரெண்டு கட்டுத்தான்கா வந்த" எண்டார். "ஒண்டு பேப்பரில சுத்தி, மற்றது சீலைத் துண்டில. எயாப்போட்டில கிலோ கூடிற்று எண்டு பெட்டிய அவிக்க வைச்சாங்கள். கைப்பைக்குள்ள இடம் காணல்ல. பேப்பரையும் சீலையையும் கழட்டி எறிஞ்சிட்டு ஒரே பையில போட்டு அமத்திக் கட்டினன். காஞ்ச புல்லுத்தானே. ஏன்கா?"

"சும்மா கேட்டனான் அண்ணன்" எண்டு வைச்சிற்றன். அந்த மனிசன்ர தலையில இத எப்பிடி இறக்கிறது?

கட்டில்ல கிடந்த இவருக்குச் சொன்னன். "முழங்காலுக்கும் ஒண்டு அனுப்புறன் எண்டு அக்கா சொன்னவதான்" எண்டார். "ஒரு பைதானே வந்த. நான் மறந்திற்றன்."

தண்ணி எடுக்க எடுக்க வயிறு ஊறிச்சு. நான் செட்டிபாளையத்துக் கண்ணகி அம்மனத் தொடக்கம் எல்லாத் தெய்வத்தையும் இழுத்தன். கடைசியில ஈரல் மெல்லத் தேறத் தொடங்கிச்சு. வீட்ட வந்தார். முந்தின ஆள் இல்ல. இப்பவும் அரை நேர வேலைதான், மாசாமாசம் ரத்தம் பாக்கோணும். ஆனாத் தன்ர ஈரலோட வந்தார்.

வந்து சாஞ்ச உடன அக்காவுக்குக் கோல். அவ அழுகையோடதான் போன எடுத்தா. "மருந்து குடிச்சியாடா தம்பி?"

"குடிச்சன் அக்கா. நீங்க அனுப்பின முழுக்க அவிச்சுக் குடிச்சன். அதாலதான் இண்டைக்கு எழும்பி இரிக்கன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டிச்சு. போன வைச்சாப் பிறகு, "எந்த வாயால இப்பிடிச் சொன்னீங்க?" எண்டு கத்தினன்.

"உண்மை தெரிஞ்சா அவ ஒரு வாய் சோறு தின்னமாட்டா. தம்பிக்கு நஞ்சு அனுப்பினன் எண்டு செத்துப்போவா. எனக்கு அங்க வேற ஆர் இரிக்கா?"

நானும் விட்டிற்றன். அபிரா மட்டும் விடல்ல. ஒராள் நஞ்சு குடிச்சாத் தந்த ஆளுக்குச் சொல்லத்தானே வேணும் எண்டாள். இந்தப் பிள்ளைக்கு எங்கட உறவுமுறை விளங்காது, வெள்ளைக்காரப் புத்தி எண்டு நான் அவளுக்குப் பேசினன்.

7

போன வெள்ளிக்கிழமை விடிய, நான் வேலைக்கு வெளிக்கிடக்குள்ள மச்சாள் வீடியோவில வந்தா. அங்க மத்தியானம். இவர் எனக்குப் பக்கத்தில தேத்தண்ணியோட.

"வசந்தி, உன்ர அண்ணனுக்குக் கண் மஞ்சளாப் போயிற்று கா." அண்ணன் எண்டா மச்சாள்ர புருசன், செல்லையா அண்ணன். "சாப்பாடு ஒண்டும் இறங்குதில்ல. நான் பயப்பிடல்ல. தம்பிய எழுப்பின மருந்து என்ர கையில இரிக்கு."

போனத் திருப்பி அடுப்பக் காட்டினா. சட்டி கொதிச்சுக்கொண்டிருந்திச்சு. பக்கத்தில ஒரு பேசின் நிறையப் பச்சைப் பூண்டு, கழுவின ஈரத்தோட. மேல கிடந்தது கீழ்க்காய்நெல்லி. அதுக்குக் கீழ மொத்தத் தண்டு, சுருக்கு விழுந்த இலை, ஒரு பக்கமா ரெண்டு வரிசைப் பூ, சுருண்ட நுனி. ஒண்டில்ல, ஒரு கட்டு.

"அது என்ன மச்சாள், அந்தச் சுருண்டது?"

"தேள்கொடுக்குத்தான் கா. வெளிக்குப் போடுறதுதான் எண்டு நானும் இவ்வளவு நாளும் நினைச்சிரிந்தன். தம்பி சொன்னானே, அனுப்பின முழுக்கக் குடிச்சன் எண்டு? நான் அனுப்பினது ரெண்டு கட்டு. யோசிச்சுப் பாத்தன். அப்ப ரெண்டும் சேந்துதான் ஈரலத் தூக்கியிரிக்கு. வெறும் கீழ்க்காய்நெல்லிக்கு அந்தச் சத்தி இல்ல கா. உன்ர அண்ணனுக்கு அஞ்சாறு நாளாக் குடுக்கன். அங்கால வளவுப் பொடிச்சிக்கும் சொல்லிக் குடுத்தன், அவட மாமனுக்கும் இதே வருத்தம்தான்."

இவர் மேசைக்குக் கீழால என்ர மணிக்கட்டப் பிடிச்சு நெரிச்சார். சொல்லாத எண்டு தலை ஆடிச்சு. முகம் வெளிறி, கண்ணில தண்ணி. அந்த நேரம் எனக்கு அவரில இரக்கம் வரல்ல. கைய உதறினன்.

"மச்சாள், அடுப்ப அணையுங்க."

"என்னத்துக்கு?"

"முதல்ல அணையுங்க. அந்தச் சட்டியக் கொண்டு போய் வெளியில ஊத்துங்க. அண்ணன ஏத்திக்கொண்டு மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குப் போங்க. தேள்கொடுக்கு குடிச்சவர் எண்டு மறைக்காமச் சொல்லுங்க. அங்கால வளவுக்கும் இப்பவே ஆள் அனுப்புங்க. அதுதான் மச்சாள் இவர்ர ஈரல அடைச்ச. ரெண்டு கட்டும் வழியில ஒண்டாப் போயிற்று, எங்களுக்குத் தெரியாமக் குடிச்சம். அது நஞ்சு மச்சாள். மருந்து இவரக் காப்பாத்தல்ல, ஆஸ்பத்திரிதான் காப்பாத்தின."

மச்சாள்ர பக்கம் போன் சரிஞ்சிச்சு. கூரைத் தகரம் தெரிஞ்சிச்சு, பிறகு நிலம். சட்டிய இழுக்கிற சத்தமும், தண்ணி நெருப்பில விழுந்து சீறுற சத்தமும் கேட்டிச்சு. "இஞ்ச வாங்கடா, ஓட்டோவக் கூப்பிடுங்கடா!" எண்டு ஆரையோ கத்திக் கூப்பிட்டா. மறுகா முகம் வந்திச்சு. நான் கலியாணம் கட்டின காலத்தில இருந்து அந்த முகத்த இப்பிடிக் கண்டதில்ல.

"தம்பி அவடத்த இரிக்கானா?"

"ஓம் மச்சாள்."

இவர் போன வாங்கல்ல. நான் திருப்பிக் காட்டினன்.

"நான் அறியாமச் செய்தன், அது என்ர விதி" எண்டா மச்சாள். "நீ அறிஞ்சுகொண்டு ஒரு வருசம் பேசாம இரிந்தியேடா. நீ செத்திரிந்தா எனக்கு என்னண்டு சொல்லியிரிப்பீங்கடா?"

கோல் நிண்டிச்சு.

அண்ணன ஆஸ்பத்திரியில வைச்சிருக்காங்க. சுணங்காமக் கொண்டு வந்தது நல்லம் எண்டாங்களாம். ஆனா வயிறு வைக்கத் தொடங்கிற்று, இன்னும் ஒண்டும் சொல்ல ஏலாதாம். அங்கால வளவு மாமன் ஒரு நேரம்தான் குடிச்சவர், அவரையும் மறிச்சு வைச்சுப் பாக்கிறாங்க. அபிராவுக்குச் சொன்னன். அவள் அந்தச் செடிர பேரையும் படத்தையும் டொக்டர்மாருக்குக் காட்டச் சொல்லி அனுப்பினாள். கீழ தமிழில, எழுத்துப் பிழையோட, "மாமாவுக்கு எப்படி" எண்டு எழுதியிருந்தாள்.

மச்சாள் ஒவ்வொரு நாளும் எனக்குக் கோல் எடுக்கிறா. தண்ணி எடுத்தாங்களா, கண் வெளுத்திச்சா, எல்லாம் ஒண்டும் விடாமச் சொல்லுவா. நான் வேலைக்குப் போட்டனா, சாப்பிட்டனா எண்டு கேப்பா. அபிராவ ரெண்டு தரம் கேட்டா. அவ கோல் எடுக்கிற நேரம் இவருக்குத் தெரியும். முதலே முகம் கழுவி, சேட் மாத்தி, கதிரைய எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு இருப்பார்.

இண்டைக்கும் எடுத்தா. இவரத் தவிர எல்லாரையும் விசாரிச்சிட்டு வைச்சிற்றா. இவர் எழும்பல்ல. தேத்தண்ணி ஆறுது எண்டு சொன்னன். "இன்னொருக்கா எடுப்பா" எண்டார்.